காசிக்குப் போகாத கார்த்திகை

"தேவ தீபாவளிக்குக் காசி போறேன்! கங்கைக் கரையில் 84 படித்துறையிலும் விளக்காம்!" என்று ஆபீஸ் பூராவும் தண்டோரா போட்டிருந்தேன். லீவு கிடைக்கவில்லை. கடைசியில், கார்த்திகை தீபத்தன்று பஸ்ஸில் போய் இறங்கிய இடம்... ஊத்துக்கோட்டை!

சிரிக்காதீர்கள். இங்கேயும் நதி உண்டு, ஆரணியாறு. ஊரைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் கால் வைத்தால், ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி கோயில். ஆலகால விஷத்தைக் குடித்த களைப்பில் சிவபெருமான், அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார்.

அகல் விற்ற பாட்டியிடம், "ஆத்துல எப்பவும் இப்படித் தண்ணி ஓடுமா?" என்றேன்.

"எங்க தம்பி! முக்கால்வாசி நாள் மணலுதான். ஐப்பசி, கார்த்திகையில மழை பேஞ்சா உண்டு. முன்னெல்லாம் பிச்சாட்டூர் டேமைத் தொறந்தா தரைப்பாலம் முழுகி, ஊரு ரெண்டாப் போயிடும். தண்ணி வரலைன்னா கிணறு வத்திடும். வந்தாலும் பயம், வராட்டியும் பயம். அதான் வெளக்கு வெக்கிறோம்."

புனித நதி என்றால் கிருஷ்ணாவும் இங்கே வருகிறாள். கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் 1996-ல் முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டில்தான். அங்கிருந்து பூண்டி ஏரி, அப்புறம் சென்னைக் குழாய், அப்புறம் நம் ஆபீஸ் டம்ளர். அவளுக்கு என்றைக்காவது ஓர் அகல் ஏற்றியிருக்கிறோமா?

பாட்டியிடம் இரண்டு அகல் வாங்கிக் கரையில் ஏற்றினேன். ஒன்று ஆரணியாற்றுக்கு. இன்னொன்று, தினமும் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே பல் தேய்க்கிற பாவத்துக்கு!