நிறம் போவதற்குள்

கடற்பஞ்சைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததுமே அதன் அடையாளத்தில் பாதி கழன்றுவிடுகிறது. நீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்த வாய்த்துளைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி எழும்பி நின்ற, ஒளி ஊடுருவும் மெல்லிய விளிம்பு படிந்து, இருந்த இடம் தெரியாமல் போகிறது. மேல்தோலுக்கடியில் கிளைகிளையாக ஓடிய கால்வாய்கள் மறைகின்றன. ஸ்பிரிட்டில் போட்டபின் நிறமும் இறங்கத் தொடங்கும். சில வாரம் கழித்து அலமாரியைத் திறந்தால், கடலில் ஆரஞ்சாகவும் நீலமாகவும் எலுமிச்சை மஞ்சளாகவும் இருந்தவை எல்லாம் அநேகமாக ஒரே பழுப்பு. இந்த வேலை நுண்ணோக்கியின் முன்னால்தான் தொடங்குகிறது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலங்கு உயிரோடு பாறையில் ஒட்டியிருக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

விலங்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நகராத, வாயோ குடலோ நரம்போ இல்லாத இந்த உயிரை நெடுங்காலம் தாவரத்தோடு சேர்த்துப் பேசியவர்கள் பலர். 1820களில் ராபர்ட் கிராண்ட் உயிருள்ள கடற்பஞ்சை நீரில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். பெரிய துளைகளிலிருந்து நீரோட்டம் இடைவிடாமல் வெளியேறுவதைக் கண்டார். பாடப்புத்தகத்தில் துளையுடலிகள் என்று நாம் படித்த தொகுதிக்குப் ‘பொரிஃபெரா’ என்று பெயர் வைத்தவரும் அவரே. உயிரோடு இருக்கும்போது பார்த்ததால் கிடைத்த அறிவு அது.

இந்த வேலைக்கு மண்டபம் வாய்ப்பான ஊர். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊர்ப் பேச்சில் தென்கடல், வடகடல். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கலங்கிக் கிடக்கும்போது வடகடல் தெளிந்திருக்கும். வாடை பிறந்தால் நிலைமை தலைகீழ். முழங்கால் அளவுத் தண்ணீரிலிருந்து நாலைந்து மீட்டர் ஆழம் வரைக்குமே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான கடற்பஞ்சுகள் இருக்கின்றன. வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-லிருந்து தேசியப் பூங்கா என்பதால் அங்கே அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் முழு உடலையும் பெயர்ப்பதில்லை. கட்டைவிரல் அளவு வெட்டி, அடியை விட்டுவிட்டால் அது மறுபடி வளர்ந்துகொள்ளும். நண்டு வலையில் சிக்கி வருபவையும் உண்டு. கரையில் வலை கழற்றும் பெண்கள் அவற்றை உதறி ஒரு பக்கமாகப் போடுவார்கள். “இத எடுத்துக்கிட்டுப் போயி என்ன செய்வீக?” என்று கேட்பார்கள். பேர் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று சொன்னால், அடுத்த முறை போகும்போது எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார்கள்.

நீருக்கடியில் எழுதும் பலகையில் நான் குறிப்பவை இவை: எந்த நிறம், வெட்டிய உட்புறத்தில் எந்த நிறம், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா அல்லது சிறு கூம்புகளாக எழும்பியதா, வாய்த்துளைகள் எங்கே அமைந்திருக்கின்றன, எத்தனை அகலம். பிறகு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சில பொலபொலவென்று உதிரும். சில ரப்பராக எதிர்க்கும். சிலவற்றை அழுத்தினால் அமுங்கி மெல்ல எழும். கிழித்தால் கொழகொழவென்று சளி வடிபவையும் இருக்கின்றன. முகர்ந்தும் பார்க்க வேண்டும்; இர்சீனியா பேரினத்தைப் பூண்டு நெடி காட்டிக்கொடுத்துவிடும். கையுறை போடாமல் தொடுவது கூடாது. டெடானியா, பயெம்னா போன்றவை தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் நெடுநேரம் நீடிக்கும்.

சூடோசெராட்டினா பர்ப்யூரியா என்ற கடற்பஞ்சைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குறிப்புகளின் அருமை தெரியும். உயிரோடு மஞ்சள் சாயலாக இருப்பது காற்றுப் பட்டதும் கறுத்துக்கொண்டே போய்க் கருஞ்சிவப்பு ஊதாவாகிவிடும். அந்த மாற்றமே அதன் பெரிய அடையாளம். அதற்குச் சிலிகா முட்கள் கிடையாது. உள்ளே நார்கள் மட்டும். ஊதா நிறத் துண்டு என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால், பின்னால் வருபவருக்கு மஞ்சளைப் பற்றி யார் சொல்வது?

வடிவத்தை மட்டும் நான் நம்புவதில்லை. அமைதியான நீரில் கிளைவிட்டு நிமிரும் அதே இனம், அலை அடிக்கும் பாறையில் தட்டையாகப் படர்ந்துவிடும். புகைப்படத்தை வைத்துப் பெயர் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் வருத்தப்பட்டாலும் அதுதான் முறை.

இனி நுண்முட்கள். பெரும்பாலான கடற்பஞ்சுகளின் உடலைத் தாங்குபவை சிலிகாவாலான இந்த ஊசிகளே. சிறு துண்டைச் சலவைக்குப் போடும் பிளீச்சில் இட்டால் சதை கரைந்து முட்கள் அடியில் படியும். வாலை வடிநீரில் திரும்பத் திரும்பக் கழுவி, ஸ்பிரிட்டில் அலசி, கண்ணாடித் தகட்டில் உலர்த்தி நுண்ணோக்கியில் வைக்கலாம். இரு முனையும் கூரானது ஆக்ஸியா. ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கியும் இருப்பது ஸ்டைல். மழுங்கிய முனை குண்டூசித் தலைபோல உருண்டிருந்தால் டைலோஸ்டைல். இவை பெருமுட்கள். இவற்றுக்கு இடையே வளைந்த சிக்மா, நங்கூர வடிவச் சீலா, நட்சத்திர வடிவ ஆஸ்டர் என்று மிகச் சிறியவை கிடக்கும். குறைந்த உருப்பெருக்கத்தில் அவை கண்ணில் படாது. குடும்பத்தைத் தீர்மானிப்பவை பல நேரம் அந்தச் சின்னஞ்சிறியவையே.

ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 25 அல்லது 30 முட்களையாவது மைக்ரான் கணக்கில் அளந்து, மிகக் குறைந்த, சராசரி, மிகக் கூடிய அளவுகளை எழுதுவது வழக்கம். ஆனால் அளவுகளையே வேதமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. கடல்நீரில் கரைந்த சிலிகா குறைவாக இருந்தால் அதே இனம் மெலிந்த முட்களையே செய்யும். முட்கள் கொஞ்சம் மெலிந்திருப்பதை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று அறிவிப்பது பொறுப்பில்லாத செயல் என்றே சொல்வேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடற்பஞ்சுகள் மணலையும், பக்கத்தில் செத்தவற்றின் முட்களையும் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. டிசிடியா பேரினம் சொந்தமாக முள்ளே செய்வதில்லை; தன் நார்களுக்குள் மணலையும் பிறருடைய முட்களையும் அடைத்துக்கொள்ளும். பிளீச்சில் எல்லாம் ஒன்றாக அடியில் விழும்போது, எது சொந்தம், எது வந்தது என்று எப்படித் தெரியும்? அரிதாக இருப்பவை, முறிந்தவை, வேறெந்த முள்ளோடும் பொருந்தாதவை என்றால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகத்தைத் தீர்ப்பது குறுக்குவெட்டு ஒன்றே.

பிளீச் முட்களைத் தருகிறது; அவை நின்ற இடத்தை அழித்துவிடுகிறது. அதனால் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, புதிய பிளேடால், கையாலேயே மெல்லிய சீவல் எடுக்கிறோம். ஸ்பிரிட்டில் ஈரம் போக்கி, தெளியவைத்து, பிசினில் பொதிந்து பார்க்க வேண்டும். அந்தச் சீவல் கைக்கு வரப் பல காலம் பிடிக்கிறது. தடித்தால் இருட்டு, மெலிந்தால் கட்டமைப்பே கலைந்துவிடும். ஒரு நல்ல சீவல் என்ன செய்யும் என்பதற்கு இந்த உதாரணம் போதும். ஹாலிக்லோனா, கேலிஸ்பாஞ்சியா இரண்டிலும் பெருமுள் ஆக்ஸியாதான். பிளீச் தகட்டை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் பிரிக்க முடியாது. சீவலிலும், மேற்பரப்பை உரித்து எடுத்த தோலிலும் பார்த்தால், கேலிஸ்பாஞ்சியாவின் தோலில் நார்களாலான வலை படுக்கைவசமாகப் பரந்திருக்கும். பெரிய கண்களுக்குள் சிறிய கண்கள். ஹாலிக்லோனாவில் அந்த அடுக்கு வலை இல்லை. இரண்டு குடும்பங்களின் எல்லை அந்த ஒரு தோலில் இருக்கிறது.

பெயர் வைப்பதற்கு வருவோம். உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கடற்பஞ்சு இனங்கள் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஜான் ஹூப்பரும் ராப் வான் சூஸ்ட்டும் தொகுத்து 2002-ல் வெளிவந்த ‘சிஸ்டமா பொரிஃபெரா’ பேரினங்கள் வரைக்கும் நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிச் செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு இனத்தின் முதல் விவரிப்பையும் தேடிப் போகவேண்டியதுதான். நம் கடலுக்கு அந்தத் தேடல் பெரும்பாலும் ஆர்தர் டெண்டியிடம் கொண்டுவிடும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சேகரித்து அனுப்பியவற்றை வைத்து 1887-ல் டெண்டி நம் கடற்பஞ்சுகளைப் பற்றிய தன் முதல் கட்டுரையை எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. மன்னார் வளைகுடாவின் இரண்டாம் தொகுப்பைப் பற்றி 1889-ல் எழுதினார். விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1902-ல் இலங்கையின் முத்துப்பார்களை ஆராய்ந்தபோது திரட்டியவற்றைப் பற்றிய டெண்டியின் பெரிய அறிக்கை 1905-ல் வந்தது. கட்டமைப்பையும் முட்களையும் அவர் விவரித்த நேர்த்தி இன்றைக்கும் வியக்கவைக்கிறது. ஆனால் அவர் கைக்கு வந்தவை கடல் கடந்து வந்த ஜாடிகள்.

அவற்றில் ஒன்று 1889-ல் அவர் அகாந்தெல்லா கார்ட்டெரி என்று பெயரிட்டது. பம்பாயில் படை மருத்துவராக இருந்துகொண்டே கடற்பஞ்சுகளை ஆராய்ந்த ஹென்றி ஜான் கார்ட்டரின் பெயரைத் தாங்கியது. இப்போது அது ஸ்டைலிசா கார்ட்டெரி. பேரினம் மாறியதால் டெண்டியின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போய்விட்டன. செங்கடலிலிருந்து பசிபிக் வரை இந்தப் பெயர் புழங்குகிறது. அதன் வேதிப்பொருள்களைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் வெளியாகின்றன. இத்தனைக்கும் ஆணிவேர் மன்னார் வளைகுடாவில் எடுத்த ஒரு மாதிரி. செங்கடலில் இருப்பதும் இங்கிருப்பதும் ஒரே இனம்தானா என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல இங்கிருந்து உயிருள்ள நிறம், கால்வாய், தோல், சீவல், மரபணு எல்லாம் சேர்ந்த ஒரு முழு விவரிப்பு வேண்டும்.

இதனால்தான் புதிய இனம் ஒன்றுக்குப் பெயர் வைப்பதைவிட, பழைய இனம் ஒன்றை அது முதலில் எடுக்கப்பட்ட கடலிலிருந்தே மறுபடி விவரிப்பதை நான் மேலாக மதிக்கிறேன். புதிய பெயருக்குக் கிடைக்கும் மாலை மரியாதை மறுவிவரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது தெரியும். என்றாலும் டெண்டியின் இனங்கள் தெளியாமல் இங்கே புதியது எது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1937-ல் மாரிஸ் பர்டன் குருசடைத் தீவின் கடற்பஞ்சுகளைப் பட்டியலிட்டார். பின்னர் மண்டபத்தில் பி. ஏ. தாமஸ் இரண்டு கடல்களுக்குமாக 275 இனங்களைப் பதிவு செய்தார். அந்தப் பெரும் உழைப்பைத் தொடர்வது என்றால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் கடலில் போய்ப் பார்ப்பதுதான்.

கிளியோனா செலாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பிகளையும் பவளத்தையும் துளைத்து உள்ளே குடியிருக்கும் கடற்பஞ்சு. சுண்ணாம்பை அமிலத்தால் அரித்து, சிறு சில்லுகளாகப் பெயர்த்து வெளியேற்றும். கிராண்ட் 1826-ல் ஸ்காட்லாந்துக் கடலிலிருந்து விவரித்த இனம் இது. முள்ளோ பெரும்பாலும் டைலோஸ்டைல் ஒன்றுதான். பிரித்தறிய வேறு குணம் இல்லாததால் உலகின் எல்லாக் கடல்களிலிருந்தும் இதே பெயர் எழுதப்பட்டது. மரபணுக்களைப் பார்த்தபோது ஐரோப்பாவுக்குள்ளேயே அந்தப் பெயரின் கீழ் பல இனங்கள் ஒளிந்திருந்தன. அப்படியிருக்க, நம் முத்துச்சிப்பியைத் துளைப்பதற்கு ஸ்காட்லாந்துப் பெயரை எழுதிவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது? முத்துச்சிப்பியிலிருந்து டெண்டி 1905-ல் விவரித்த கிளியோனா மார்கரிட்டிஃபெரே என்ற இனமும் இருக்கிறதே.

மரபணு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று இளையவர்கள் நம்புகிறார்கள். மற்ற விலங்குகளுக்குக் கைகொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு கடற்பஞ்சுகளில் மிக மெதுவாகவே மாறுகிறது. நெருங்கிய இனங்களை அது பிரிப்பதில்லை. உடலுக்குள் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுவும் கலந்து வரும். சீவலும் வேண்டும், மரபணுவும் வேண்டும்.

பெயர் சரியாக இருப்பது பவளத்திட்டுக்கே உயிர்ப் பிரச்சினையாகும் இடமும் உண்டு. 1993-ல் ருட்ஸ்லரும் மியூசிக்கும் விவரித்த டெர்பியோஸ் ஹோஷினோட்டா, உயிருள்ள பவளத்தின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் படர்ந்து அதைக் கொன்றுவிடும். பாக் விரிகுடாவில் அது இருப்பது 2015-ல் பதிவானது. பவளத்தின் மேல் படரும் கருமையான படலங்கள் வேறும் இருக்கின்றன. டெர்பியோஸின் டைலோஸ்டைலில் தலை மடல்மடலாகப் பிரிந்திருக்கும். திசுவுக்குள் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் அபாயச் செய்தி அனுப்பக் கூடாது. பார்த்துவிட்டுத் தாமதிக்கவும் கூடாது.

இப்போது என் மேசையில் இருப்பவை ஆக்ஸியா மட்டுமே கொண்ட ஹாலிக்லோனாக்கள்: நீலம், இளஞ்சிவப்பு, சாம்பல். ஜாடியில் மூன்றும் ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் கடலில் எழுதிய தாள், பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போட்ட சீட்டு, நீருக்கடியில் எடுத்த படம் இருக்கின்றன. நீலத்துக்கும் சாம்பலுக்கும் வாய்த்துளையின் விளிம்பு வேறுபடுகிறது. இளஞ்சிவப்பைக் கிள்ளினால் மெல்லிய இழை நீள்கிறது, மற்ற இரண்டிலும் இல்லை. டெண்டியின் கண்ணாடித் தகடுகளின் படங்கள் லண்டனிலிருந்து வந்தபின் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை மூன்றுக்கும் பேரினப் பெயரும் ஒரு எண்ணும் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.