அஞ்சடியில் ஒரு நாற்காலி

வெளியிலிருந்து பார்த்தால் அதைத் தேவாலயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய கடைவீட்டு வரிசையில் ஒரு நடுக்கடை. ஒரு பக்கம் தையற்கடை, மறுபக்கம் மாமாக் கடை. ஷட்டரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். ஞாயிறு காலை பத்து மணி, புதன் மாலை இலவச டியூஷன் என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, கீழே சபையின் பெயரைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். சிலுவை உள்ளே இருக்கிறது. கதவை முழுக்கத் திறந்தாலும் தெருவிலிருந்து தெரியாதபடி, பக்கச் சுவரில்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வாசிப்புக் குழு அங்கேதான் கூடுகிறது. இரண்டு வருடம் ஆகப்போகிறது.

இந்த நாட்டில் ஒரு சின்ன இலக்கியக் கூட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இடத்தின் அருமை தெரியும். பதினைந்து பேர் உட்கார்ந்து ஒரு சிறுகதையைப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஒரு கோயில் மண்டபத்தில் கேட்டோம். கடிதம் கொடுங்கள், கமிட்டி கூடட்டும் என்றார்கள்; மூன்று மாதமாகியும் கமிட்டி கூடவில்லை. பள்ளிக்கூடம் என்றால் மேலிடத்து அனுமதி. சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கு ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதலாளி வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நியாயம்தான், அவருக்கும் வாடகை இருக்கிறது. அந்த மாமாக் கடையில்தான் நாங்கள் கூடிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் புதிதாகக் குடிவந்த பாஸ்டர் எங்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து நின்றார். “தங்கச்சி, சனிக்கிழமை நம்ம எடம் சும்மாத்தான் கெடக்கு. நாற்காலி இருக்கு. போறப்ப அடுக்கி வச்சிட்டுப் போங்க, போதும்.”

வார நாட்களில் அவர் ஏர்கோன் பழுது பார்ப்பவர். முழுநேரப் பாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்கிற அளவுக்குச் சபையில் ஆள் இல்லை. முப்பது பேருக்கும் குறைவு. அந்தக் கடையில் முன்பு தமிழ்ப்படக் கேசட்டும் சீடியும் வாடகைக்குக் கொடுத்தார்கள். சின்ன வயதில் நானே அங்கே போயிருக்கிறேன். சுவரில் அலமாரி அடித்த ஆணித் துளைகள் இன்னும் இருக்கின்றன. சுண்ணாம்பு பூசியும் மறையவில்லை.

ஏன் கடைவீட்டில் தேவாலயம் என்று வெளிநாட்டு நண்பர் ஒருவர் கேட்டார். மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது கேள்வியே இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் வழிபாட்டுத் தலத்துக்கென்று நிலம் கிடைப்பதும், கிடைத்த நிலத்தில் கட்ட அனுமதி வாங்குவதும் வருடக்கணக்கில் இழுக்கும் காரியம். புதிதாகத் தொடங்கும் சபைகள் கடைவீட்டுக்கும், தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கும், ஹோட்டல் மண்டபங்களுக்கும் போவது அதனால்தான். போன இடத்திலும் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். 2015 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில், கடைவீட்டில் இயங்கிய ஒரு தேவாலயத்தின் முன்னால் சுமார் ஐம்பது பேர் கூடி, வெளிச்சுவரில் மாட்டிய சிலுவையை எடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கே எடுக்கப்பட்டது. எங்கள் பாஸ்டரின் சிலுவை பக்கச் சுவருக்குப் போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதே நகரத்தில், அதே தெங்கு கிளானா சாலையில் 1928இல் கட்டிய லூர்து மாதா ஆலயம் கோபுரத்தோடு நிற்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பழைய கட்டடத்துக்கு ஒரு நியாயம், புதிய வாடகைக்காரனுக்கு ஒரு நியாயம். நம் கோயில்களுக்கும் இதுதானே கதை. 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, இங்கிருந்து அதிக தூரமில்லாத பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். அடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூரில் திரண்ட கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். அம்மா அதை இன்றும் நேற்று நடந்தது மாதிரிதான் சொல்வார்.

அதே அம்மாதான் நான் தேவாலயத்தில் கூட்டம் நடத்துகிறேன் என்றதும் முதலில் சொன்னது: “அங்க போயி தண்ணிகூட குடிக்காத.” ஒவ்வொரு மாதமும் நான் வீட்டுக்குத் திரும்பியதும் கேட்பார்: “ஏதாச்சும் பேசினாங்களா?”

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்திலிருந்து வெளியேறி அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களுக்குச் சபைகள் எப்படி வந்து சேர்ந்தன என்று அம்மா பார்த்திருக்கிறார். அரிசிப் பை வரும், நோய்க்கு ஜெபம் வரும், பிறகு ஒரு நாள் சாமிப்படம் சுவரிலிருந்து இறங்கும். விரும்பி மாறியவர்களும் உண்டு, குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் உண்டு. அதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறும்.

நான் பாஸ்டரிடமே கேட்டேன், சுற்றி வளைக்காமல். எங்களுக்கு இடம் கொடுப்பது எங்களைச் சபைக்குக் கொண்டுவரவா?

அவர் சங்கடப்படவில்லை. “நீங்க ஞாயித்துக்கெழம வந்தா எனக்குச் சந்தோஷம்தான். இல்லன்னு சொன்னா அது பொய். ஆனா அதுக்காகத்தான் சாவி குடுத்தேன்னு நெனச்சா சாவியத் திருப்பிக் குடுத்துருங்க.”

எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. எந்த உள்நோக்கமும் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பகிர்வது என்று சொல்கிறோம். அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தால் அது எவ்வளவு ஏற்பாடு தேவைப்படுகிற வேலை என்று தெரியும். தாளில் எழுதாத ஒரு காரியமும் அங்கே நடக்கிறது. வெள்ளி இரவுகளில் ரயில் நிலையத்தைச் சுற்றிப் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு. வரிசையில் தமிழர், சீனர், மலாய்க்காரர், வங்காளதேசத்தவர் என்று எல்லாரும் நிற்பார்கள். பசிக்கு அடையாள அட்டை கிடையாது. ஆனால் சிலாங்கூரில் முஸ்லிம்களிடம் வேறு சமயத்தைப் பரப்புவதற்கு எதிரான சட்டம் 1988இலிருந்து இருக்கிறது. 2011 ஆகஸ்ட்டில் பெட்டாலிங் ஜெயாவில், ஒரு மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் ஒரு சமூக அமைப்பு நடத்திய விருந்துக்குள் மாநில இஸ்லாமிய சமய இலாகா சோதனைக்குப் போனது. வந்திருந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். பல மாதம் நாடே அதைப் பேசியது. இங்கே மண்டபத்தைத் திறந்து மேசை போடுவது அவ்வளவு எளிதல்ல.

அதனால் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை மாமாக் கடைக்காரர் சமைக்கிறார். அவர் கடை, அவர் மேசை, அவர் கைப்பொட்டலம். பணம் மட்டும் சபையிலிருந்து போகிறது. யாரும் யாருக்கும் ஜெபம் செய்வதில்லை. “இது சபை ஊழியமா, மாமாக் கடை வியாபாரமா?” என்று சபைக்குள்ளேயே ஒருவர் கேட்டாராம். “சாப்பிடறவன் கேக்கலயே” என்றாராம் பாஸ்டர்.

அதைவிடப் பெரிய சண்டை வாசலில் இருந்த பீடத்தால் வந்தது.

கட்டடம் ஒரு சீனத் தவுக்கேயுடையது. அவருடைய வயதான அம்மா மேல்மாடியில் இருக்கிறார். கீழே கடையின் வாசல் தூணருகே, தரையோடு ஒட்டிச் சின்னதாக ஒரு சிவப்புப் பீடம். நிலத்தெய்வத்துக்கானது. வாடகைக்குக் கொடுக்கும்போதே தவுக்கே சொல்லிவிட்டார்: கடை உங்களுக்கு, அது எங்க அம்மாவுக்கு, தொடக்கூடாது. கிழவி காலையும் மாலையும் கைத்தடியோடு படியிறங்கி வந்து ஊதுவத்தி கொளுத்தி, ஆரஞ்சுப் பழம் மாற்றி வைத்துவிட்டுப் போவார். ஞாயிறு ஆராதனை நடக்கும்போதும் வருவார். புகை உள்ளே போகும்.

சபையில் பழைய குடும்பம் ஒன்றுக்கு இதைத் தாங்க முடியவில்லை. தாங்களே வீட்டிலிருந்த சாமியறையைக் கலைத்துவிட்டு வந்தவர்கள். இங்கே வந்தால் வாசலிலேயே வேறொரு சாமி. பீடம் போக வேண்டும், இல்லாவிட்டால் சபை வேறு இடம் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். சாமியறையைக் கலைத்த நாள் அவர்களுக்கு என்ன விலையாக இருந்திருக்கும்? அந்த விலையைக் கொடுத்தவர்களிடம் புகைதானே, விடுங்கள் என்று சொல்ல முடியாது. பாஸ்டர் சொன்னது, “நாம வந்தது அவங்க எடத்துக்கு.” குடும்பம் போய்விட்டது. அவர்கள் கொடுத்துவந்த காணிக்கை மாத வாடகையில் கால்வாசி.

அவர்கள் அடுக்கிய குறைகளில் நாங்களும் ஒன்று என்று பிறகு தெரிந்தது. சிலுவை மாட்டிய அறையில் நாத்திகம் பேசுகிறார்கள். பேசினோம். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எடுத்த மாதம் ஒருவர் எல்லாச் சமயத்தையும் சேர்த்தே வெளுத்தார். கதவு பூட்டுவதற்காகப் பாஸ்டர் கடைசி வரிசையில் காத்திருந்தார். கடவுள் சென்னைக்கு வந்து பிள்ளையோடு காப்பி குடித்து, அவர் பத்திரிகைக்குச் சந்தாதாராகி, வீட்டில் விருந்தாளியாகத் தங்கி, ஆடிப் பிழைக்கப் பார்த்து முடியாமல் போகிற கதை. பேச்சு முடிந்ததும் பாஸ்டர் கை தூக்கினார். “ஒரு சந்தேகம். கடவுள் தங்கினது பிள்ளையோட சொந்த வீடா, வாடக வீடா?” நாங்கள் யாரும் கதையை அப்படிப் படித்ததில்லை. அடுத்த அரைமணி நேரம் அதிலேயே போனது.

அவரிடம் இந்த மாதிரிக் கதைகள் நிறைய உண்டு. பைபிளில், பவுல் மேல்மாடி அறையில் நடுராத்திரி வரை பிரசங்கம் பண்ணிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுவான். “அதான் நான் கீழ்மாடி எடுத்தேன்” என்பார். எங்கள் கூட்டம் ஆறு மணியைத் தாண்டினாலும் இதையே சொல்வார்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். குழுவில் அதிகம் படித்தவரும் அவர்தான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அஞ்சடியில் போட்டு, திறந்த கதவுக்கு நேராக உட்கார்ந்து அங்கிருந்தே பேசுவார். லோரி போனால் அவர் சொல்வது கேட்காது. “திரும்பச் சொல்லுங்கண்ணே” என்று கத்துவோம்.

அவருடைய தங்கை வேறொரு ஊரில் ஒரு சபையில் சேர்ந்தவர். அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். வாய்க்கரிசி போடவில்லை, பிணத்தைச் சுற்றி வரவில்லை. அவருடைய பாஸ்டர் கூடாது என்று சொல்லியிருந்தாராம். அண்ணன் இதை எங்களிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். “அவ உள்ள வரல. நானும் உள்ள வரமாட்டேன். கதையப் படிக்க வரேன், அவ்வளவுதான்.”

இதற்கு அஞ்சடி வசதியாக இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. ஒவ்வொரு கடைவீடும் தன் முன்பக்கத்தில் கூரையோடு ஒரு நடைபாதையை விட வேண்டும், அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். மலாயா நகரங்களுக்கும் அது பரவியது. நிலம் சொந்தக்காரனுடையது, நடப்பது ஊர். மழைக்கு ஒதுங்குபவனை அங்கிருந்து விரட்ட முடியாது. சட்டப்படி பார்த்தால் அண்ணன் தேவாலயத்துக்கு வரவே இல்லை. தெருவில் உட்கார்ந்து புத்தகம் பேசுகிறார்.

மாலை ஐந்து மணிக்குக் கிழவி ஊதுவத்தியோடு இறங்கி வருவார். அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை; அவருக்கு ஹொக்கியன், இவருக்குத் தமிழும் மலாயும். ஒருநாள் கிழவி ஓர் ஆரஞ்சை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். அவர் அதை உரித்துக்கொண்டே லா.ச.ரா.வைப் பற்றிப் பேசி முடித்தார்.

சென்ற நவம்பரில் பாஸ்டர் எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு குடும்பம் போனதால் வாடகை இடிக்கிறது, தை மாதத்துக்கு மேல் உறுதி சொல்ல முடியாது. பணம் கேட்கவில்லை, தெரியப்படுத்தினார். அவர் உள்ளே போனதும் எங்களுக்குள் வாக்குவாதம். நாம் கொடுக்கலாமா? கொடுத்தால் ஒரு சபையை வாழ வைப்பது நாமாகிறோம் என்றார் ஒருவர். புதன்கிழமை டியூஷனில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நமக்குத் தெரியுமா என்று இன்னொருவர். தெரியும், எஸ்.பி.எம். கணக்கும் மலாயும். அந்தப் பிள்ளைகளில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகளும் இருக்கிறாள். இலவசமாக உட்கார்ந்த இரண்டு வருடத்தில் எனக்கு ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. காசு கொடுத்தால் நாற்காலி சரியில்லை என்றுகூடச் சொல்லலாம். நான் கொடுக்கலாம் என்றேன்.

லோரி ஒன்று கடந்து போகும் வரை காத்திருந்துவிட்டு வெளியிலிருந்து அண்ணன் சொன்னார். “காணிக்கன்னா ஒரு காசு தர மாட்டேன். வாடகன்னா தரலாம். ரசீது வேணும்.”

ஆளுக்குப் பத்து வெள்ளி. டிசம்பர்க் கூட்டத்தில் நூற்றைம்பது வெள்ளி சேர்ந்தது. பாஸ்டர் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கி வந்து, மேசையில் குனிந்து நிதானமாகத் தமிழில் எழுதினார். அவர் படித்தது மலாய்ப் பள்ளி; தமிழ் எழுத ஞாயிறு பள்ளியில் கற்றதுதான். தாளைக் கிழித்துக்கொண்டு அஞ்சடிக்குப் போய் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ‘அரை வாடகை’ என்று எழுதியிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ‘ர’வை ‘ற’ ஆக்கினார்.

“பாதி வாடகைன்னு ஆயிரும்லா, பாஸ்டர்” என்றார்.

“பாதி குடுத்தாலும் வாங்கிக்கிறேன் அண்ணே” என்றார் பாஸ்டர்.

ரசீது இப்போது எங்கள் குழுவின் கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கிறது. ஜனவரிக் கூட்டத்துக்குக் கு. அழகிரிசாமி.