கப்பல் எழுத்தில் நோவா இல்லை

சிங்கப்பூரில் என்னிடம் சீனம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சபை மக்கள். தாதியர், சீனக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், சீன ஆராதனையில் ஊழியம் செய்ய ஆசைப்படுகிறவர்கள். இவர்களில் பலர் முதல் வகுப்புக்கே ஒரு நம்பிக்கையோடு வருவார்கள். சீன எழுத்துகளுக்குள் ஆதியாகமம் ஒளிந்திருக்கிறதாம். கப்பலைக் குறிக்கும் எழுத்தைப் பிரித்தால் படகு, எட்டு, வாய் என்று மூன்று உறுப்புகள் வரும். பேழையில் ஏறியவர்களும் எட்டுப் பேர். நீதியைக் குறிக்கும் எழுத்தில் மேலே ஆடு, அடியில் ‘நான்’: தேவ ஆட்டுக்குட்டியின் கீழ் இருப்பவனே நீதிமான் என்பார்கள். இதையே விரித்துச் சொல்லும் புத்தகங்களும் நிறையக் கிடைக்கின்றன.

அவற்றை ஓரமாக வைக்கச் சொல்வதுதான் என் முதல் பாடம். கப்பல் எழுத்தின் இடப்பக்கம் இருப்பது படகு. அது பொருளைக் காட்டுகிறது. வலப்பக்க உறுப்பு ஒலிக்காக வந்து சேர்ந்தது. ஈயத்தைக் குறிக்கும் எழுத்திலும், ‘ஓரமாக’ என்று பொருள்படும் எழுத்திலும் இதே உறுப்பைப் பார்க்கலாம். கப்பல் ச்சுவான், ஈயம் ச்சியென், ஓரம் யென். மூன்றின் முடிவோசையிலும் உறவு தெரிகிறது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் சேர்ந்தவைதான். இந்த அமைப்பு பிடிபட்டவர், பார்த்திராத எழுத்தின் ஓசையைக்கூட ஓரளவு ஊகித்துவிடுவார். எட்டுப் பேரைத் தேடியவருக்கு அது வாய்க்காது. நீதி எழுத்தோ, இன்று சீனாவிலும் இங்கேயும் அச்சாகும் எளிய வடிவில் மூன்றே கோடுகள். அதில் ஆடே கிடையாது. ஒரு மக்கள் கூட்டம் மூவாயிரம் ஆண்டுகளாகப் பேணிவந்த எழுத்தை நம் வேதபாடத்துக்குச் சாட்சியாக இழுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்றே நினைக்கிறேன்.

விசுவாசிக்கு வேறொரு வசதி நிஜமாகவே உண்டு. மாற்கு சுவிசேஷம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். 1890இல் ஷாங்காயில் கூடிய மிஷனரி மாநாட்டில் முடிவெடுத்து, 1919இல் வெளிவந்த ஹஹபென் மொழிபெயர்ப்பைத்தான் சீன புரொட்டஸ்டன்ட் சபைகள் இன்றும் பெரும்பாலும் வாசிக்கின்றன. கதை தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லைத் தாண்டிப் போக முடிகிறது. பத்து வசனம் போனால் அதே சொல் திரும்ப வந்து தன்னை விளக்கிவிடுகிறது. ஆனால் அது நூறாண்டுப் பழைய நடை. காய்கறிக் கடையில் அந்த நடையில் பேச முடியாது. ஆகவே காலையில் மாற்கு என்றால் மாலையில் தொலைக்காட்சிக் குடும்பத் தொடர் என்று சேர்த்தே கொடுக்கிறேன்.

பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாடிப் பாடியே மொழி வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சொல் வரும், மூச்சு வரும், தொனி வராது. மெட்டு ஏறியதும் சொல்லின் சொந்தத் தொனி மறைந்துவிடுகிறது. கர்த்தரைக் குறிக்கும் ‘ஜு’வை மூன்றாம் தொனியில், குரலைத் தாழ இறக்கிச் சொல்ல வேண்டும். அதையே முதல் தொனியில், உயரத்தில் சமமாக நிறுத்தினால் பன்றி என்றாகிவிடும். பாட்டில் இந்த வித்தியாசம் யார் காதிலும் விழாது. ஜெபத்தில் சபை முழுவதும் கேட்கும். அதனால் பாட்டைவிட, ஆராதனையில் நடத்துபவரும் சபையாரும் மாறி மாறி வாசிக்கும் பகுதியை நான் அதிகம் நம்புகிறேன். வயதான சீன அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குரலை ஒட்டியே வாசித்துப் பழகினால் தொனி தானாக அமையும். எந்தச் செயலியும் இதற்கு ஈடில்லை.

ஏப்ரலில் ச்சிங்மிங் வரும்போது கேள்விகளும் வரும். குடும்பமாகக் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து முன்னோரை வணங்கும் நாள் அது. போகலாமா, ஊதுபத்தி ஏற்றலாமா? முன்னோர் சடங்குகளை 1715இல் ரோம் தடுத்தது, 1939இல் தளர்த்தியது. இடைப்பட்ட இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் பிளவுபட்டிருக்கும் என்பதை யோசிக்காமல் யாரும் அவசரத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இன்று பல சீனக் கிறிஸ்தவர்கள் பூ வைத்து, தலை வணங்கி, ஜெபித்து வருகிறார்கள். அவர்களோடு ஒருமுறை போய் வாருங்கள் என்பேன்.

சீனக் கிறிஸ்தவத்தின் வரலாற்றையும் வகுப்பில் சொல்வேன். ஆனால் அதை ஐரோப்பிய மிஷனரிகளிடமிருந்து தொடங்குவதில்லை. நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த சவேரியார் 1552இல் சீனக் கரையோரத்து ஷாங்ச்சுவான் தீவில், உள்நாட்டுக்குள் போக முடியாமலே இறந்தார். ஆனால் அதற்கு ஒன்பது நூற்றாண்டுக்கு முன்பே, 635இல், அலோபென் என்ற சிரியத் திருச்சபைத் துறவி தாங் பேரரசின் தலைநகருக்கு வந்துவிட்டார். அந்தத் திருச்சபையின் வரலாற்றைப் பொறித்து 781இல் நட்ட கல் இன்றும் ஷியான் நகரின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் உச்சியில் தாமரை மேல் சிலுவை. வாசகமோ பௌத்த, தாவோயிசச் சொற்களைத் தயங்காமல் எடுத்து ஆள்கிறது. அடுத்து ஷு குவாங்ச்சி: 1603இல் திருமுழுக்குப் பெற்ற அறிஞர், 1607இல் யேசுசபைத் துறவி மத்தேயோ ரிச்சியோடு சேர்ந்து யூக்ளிடின் முதல் ஆறு புத்தகங்களைச் சீனத்தில் தந்தவர். கடைசியாக, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஹெனான் கிராமத்துப் பெண் ஷியாவ்மின். ஆயிரத்துக்கும் மேலான கானான் பாடல்களை இயற்றியவர். அவர் சொற்கள் எளியவை என்பதால் முதல் ஆண்டிலேயே அவற்றைப் படிக்கக் கொடுத்துவிடுவேன்.

சட்ட அறிஞர் வூ ஜிங்ஷியோங் மொழிபெயர்த்து 1946இல் வெளியிட்ட சங்கீதங்களுக்கு மட்டும் அவசரப்பட மாட்டேன். பழஞ்சீனச் செய்யுள் வடிவில் அமைந்தவை அவை. தாங் காலத்துக் கவிதையும் கன்பூசியஸும் பழகாமல் உள்ளே நுழைய முடியாது. அதனால் மூன்றாம் ஆண்டு வகுப்பில் முதலில் லி பாய், பிறகு கன்பூசியஸ், அதற்கப்புறம்தான் சங்கீதம்.