மகளை விடுதியில் சேர்க்குமுன்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டன. என்னிடம் ஓதிய பிள்ளைகளின் பெற்றோர் சிலர் மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் என்னை நிறுத்தி, "உஸ்தாத், பிள்ளைக்கு வெளியூரில் இடம் கிடைத்திருக்கிறது. எந்த ஹாஸ்டலில் சேர்க்கலாம்?" என்று கேட்கின்றனர். சென்ற ஆண்டு இதே கேள்வியைச் சுமந்துகொண்டு அலைந்தவன் நான். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை, குறிப்பாக என் தவறு ஒன்றை, இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் மூத்த மகளுக்குப் பிரியமான பாடம் புள்ளியியல். அவளுக்கு இடம் கிடைத்தது திருச்சிராப்பள்ளியில். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். "கீழக்கரையிலேயே பெண்கள் கல்லூரி இருக்கும்போது திருச்சி எதற்கு?" என்று உறவினர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். பெண்பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல் படிக்க வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் அத்தகைய கல்லூரிகளை எழுப்பினர். ஆயினும் மகள் தன் மதிப்பெண்ணால் பெற்ற இடத்தை, தூரம் ஒன்றைக் காரணம் காட்டி மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இஸ்திகாரா தொழுதேன். பிறகு அவளையும் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு விடுதிகளைப் பார்க்கப் புறப்பட்டேன்.

மூன்று இடங்களைப் பார்த்தோம். முதலாவது, நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் நடத்தும் சிறு விடுதி. உண்மையைச் சொன்னால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதைத்தான் என் மனத்தில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஹலால் உணவு, தொழுகைக்குத் தனி அறை, இஷாவுக்குப் பின் எவரும் வெளியே செல்ல அனுமதியில்லை. ஒரு தந்தைக்கு வேறென்ன வேண்டும்?

என் மனைவி சமையலறையையும் கழிவறையையும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அந்தச் சகோதரரிடம், "இரவில் சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டார். அவர் பெருமையோடு விடை சொன்னார்: "பத்து மணிக்கு வெளியே பூட்டிவிட்டு நானே சாவியை வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவேன். ஃபஜ்ருக்கு வந்து திறப்பேன். ஓர் ஈ கூட நுழைய முடியாது."

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பதில் வேறு விதமாய்க் கேட்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தவர்கள் 28 பேர். வெளியே பூட்டிய கதவு உள்ளே இருப்பவரைக் காப்பதில்லை என்பதை அந்த விடியற்காலை எங்களுக்குக் கற்பித்தது. அங்கே இரவில் தங்கும் வார்டனும் இல்லை. பெண்கள் விடுதிக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பெற வேண்டிய உரிமத்தைக் கேட்டபோது, "விண்ணப்பிக்க இருக்கிறோம்" என்றார். நம்மவர் என்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் நம்மவர் என்ற ஒன்றே போதுமானது என்று எண்ணியது என் பிழை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்க, நானோ கயிற்றைச் சோதித்துப் பார்க்காமலேயே புறப்பட்டிருந்தேன்.

இரண்டாவது, பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு தனியார் விடுதி. உரிமம் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. அறைகளும் துப்புரவாக இருந்தன. ஆனால் கல்லூரிக்கு நாள்தோறும் இரண்டு பேருந்து மாற வேண்டும். குளிர்காலத்தில் மாலை வகுப்பு முடிந்து திரும்பும்போது மஃரிப் தவறிவிடும் என்று மகளே கணக்கிட்டுச் சொன்னாள்.

மூன்றாவது, கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருந்த விடுதி. மதிய உணவு நேரத்தில் முன்னறிவிப்பின்றிச் சென்றோம். மாணவியர் உண்பதையே நாங்களும் வாங்கி உண்டோம். வார்டன் அம்மையார் அங்கேயே தங்குபவர். முதலாமாண்டு மாணவியருக்குத் தனித் தளம். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த ராகிங் தடுப்பு விதிகள், புதியவர்களை இயன்றவரை மூத்தவர்களிடமிருந்து தனியாகத் தங்கவைக்கும்படி சொல்கின்றன. அவ்விதிகளின்படி மாணவியும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி எழுதித்தர வேண்டும். நாங்களும் எழுதித் தந்தோம். கோழி வாங்கும் கடை எதுவென்று கேட்டேன். முஸ்லிம் கடை அன்று. "அந்த நாட்களில் மரக்கறி சாப்பிட்டுக்கொள்கிறேன் வாப்பா" என்றாள் மகள். உடன் தங்கவிருந்த இருவரும் பிற மதத்தவர். எனக்குச் சற்றே தயக்கம் இருந்தது. அதற்குள் மகள் சன்னல் வழியே கதிரவன் இறங்கும் திசையைப் பார்த்து, மேற்கிலிருந்து சற்றே வடக்காகக் கிப்லாவைக் கணித்து, கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே தொழுகை விரிப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடமே என்று முடிவாயிற்று. என் வேலை முடிந்ததென எண்ணினேன்.

அன்றிரவு ஊர் திரும்பும் பேருந்தில், அவளுடைய உம்மா உறங்கிவிட்ட பிறகு, மகள் மெதுவாகக் கேட்டாள்: "வாப்பா, அங்கே எனக்கு ஏதாவது நடந்து, அதை உங்ககிட்ட சொன்னா, படிப்பை நிறுத்திடுவீங்களா?"

"ஏன் அப்படிக் கேட்கிறாய்?" என்றேன். அவள் தன் தோழி ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணும் என் மாணவிதான். நல்ல கிராஅத், கூர்மையான அறிவு. பத்தாம் வகுப்பில் படிக்கும்போது பேருந்தில் ஒருவன் தொல்லை தந்ததை வீட்டில் சொன்னாள். அவளுடைய வாப்பா என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். "பெண்பிள்ளை விஷயம். மானம் பெரிது. யோசித்துச் செய்யுங்கள்" என்றேன். அவர் யோசித்துப் படிப்பை நிறுத்தினார். தொல்லை தந்தவன் அதே பேருந்தில் தொடர்ந்து பள்ளிக்குச் சென்றான். தொல்லைக்கு ஆளானவள் வீட்டுக்குள் இருந்தாள். அன்று நான் பேணுதலாகப் பேசியதாகவே நம்பியிருந்தேன். உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை உண்டு என்ற பாடத்தை அன்று எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் அனைவரும் கற்றுக்கொண்டனர். என் மகளும் கற்றுக்கொண்டாள். கற்பித்தவர்களுள் நானும் ஒருவன்.

அப்போது என் சிறுவயது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதில் நான் வெளியூர் மதரஸா ஒன்றின் விடுதியில் சேர்ந்தேன். அங்கே ஒரு மூத்த மாணவன் தன் துணிகளை எங்களைத் துவைக்கவைப்பான், மறுத்தால் அடிப்பான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் வாப்பா முறுக்கு டின்னோடு வந்து, "நல்லா ஓதுறியா?" என்று கேட்பார்கள். "ஓதுறேன் வாப்பா" என்பேன். முதுகில் இருந்த தழும்பைக் காட்டியதே இல்லை. அடித்தவனுக்கு அஞ்சி நான் மறைக்கவில்லை. சொன்னால் வாப்பா என்னைக் கையோடு ஊருக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள், ஓதல் நின்றுவிடும் என்பதே என் அச்சம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் மகள் அதே அச்சத்தோடு என் அருகில் அமர்ந்திருந்தாள்.

யூஸுஃப் அத்தியாயத்தை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். யஃகூப் நபி (அலை) அவர்கள் யூஸுஃபை அனுப்பத் தயங்கியபோது, ஓநாய் தின்றுவிடுமோ என்ற தம் அச்சத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். மாலையில் பிள்ளைகள் அதே ஓநாயைப் பொய்யாக்கிக் கொண்டு வந்தனர். பின்னர் இளையவரை அனுப்பும் வேளையில் அவர்கள் பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கினார்கள், வெவ்வேறு வாயில்கள் வழியே நுழையுமாறு உபாயம் சொன்னார்கள், அல்லாஹ்வின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு தந்தையால் இயன்றது அவ்வளவுதான். பேருந்தில் அன்று உறுதிமொழி கேட்டது பிள்ளை. கொடுக்க வேண்டியவன் நான்.

"நிறுத்தமாட்டேன். நீ சொல்வதை முழுவதும் கேட்பேன். என்ன செய்யலாம் என்று உன்னிடம் கேட்ட பிறகே எதையும் செய்வேன்" என்றேன். "அல்லாஹ் மீது ஆணையாகவா?" என்றாள். "அல்லாஹ் மீது ஆணையாக" என்றேன்.

அந்த உறுதிமொழிக்குச் சோதனை மூன்றாம் வாரத்திலேயே வந்தது. ஓர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். மூத்த மாணவன் ஒருவன் இரண்டு மாலை நூலகத்திலிருந்து விடுதி வாயில் வரை அவளைத் தொடர்ந்து வந்து, ஹிஜாபைக் குறித்து ஏதேதோ பேசியிருக்கிறான். "விடியற்காலைப் பேருந்தில் வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்" என்ற சொற்கள் நாவின் நுனி வரை வந்துவிட்டன. அவற்றை விழுங்கிக்கொள்ள நான் பட்ட பாட்டை அல்லாஹ் அறிவான். "நீ என்ன செய்ய நினைக்கிறாய் மகளே?" என்று கேட்டேன். வார்டனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகவும், கல்லூரியின் புகார்க் குழுவுக்கு எழுத்தில் தர விரும்புவதாகவும், கடிதத்தைச் சரிபார்த்துத் தருமாறும் கேட்டாள். கடிதம் சென்றது. அவனை விசாரித்து எச்சரித்தனர். தொல்லை நின்றது. அவள் வகுப்புக்குச் சென்றுகொண்டிருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாருக்கும் இவ்வாறு எளிதில் முடியும் என்று நான் சொல்லமாட்டேன். முடியாதபோது மேலே செல்ல வழி இருக்கிறது. எந்தக் கல்லூரியிலும் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். ராகிங் குறித்துப் புகார் செய்ய 1800-180-5522 என்ற இலவச எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அந்த எண்ணைப் பிள்ளையின் தொலைபேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

எனவே சகோதர சகோதரிகளே, விடுதியைப் பார்க்கச் செல்லுங்கள். உணவு நேரத்தில் செல்லுங்கள். உரிமத்தைக் கேளுங்கள். இரவில் யார் தங்குகிறார், சாவி எங்கே இருக்கும், தொழ இடம் எது, வகுப்பறைக்கும் விடுதிக்கும் இடையே உள்ள வழி எப்படிப்பட்டது என்று விசாரியுங்கள். மார்க்கச் சட்டத்தையும் சொல்லி அனுப்புங்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி, சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணியவர் பயணி அல்லர். ஆகவே விடுதியில் தொழுகையைச் சுருக்க இயலாது. வெளியூர் என்று எண்ணிச் சில பிள்ளைகள் இதில் தவறிவிடுகின்றனர்.

இவை அனைத்துக்கும் முன்பாக, உங்கள் பிள்ளையைத் தனியே அமரவைத்து, "அங்கே எது நடந்தாலும் என்னிடம் சொல்ல உனக்குத் துணிவு இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர்கள் சற்றுத் தயங்கினால், விடுதியைக் குறை சொல்லுமுன் நம் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

சென்ற மாதம் அந்த மாணவியின் வாப்பாவைச் சந்தித்து, நான் அன்று சொன்ன ஆலோசனை தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதவைக்கலாமா என்று பிறகு கேட்டார். விண்ணப்பிக்கும் வழியை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்காகவும், முதன்முறையாக வீட்டை விட்டுச் செல்லும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.