ஓசை கேட்டு நோயறிதல்

செவி என்பது பேச்சையும் பாட்டையும் கேட்பதற்கு மட்டும் அமைந்த பொறி அன்று. நோயை அறிவதற்கும் அது பெருந்துணை புரிவதாகும். 1816ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர் லென்னெக் என்பார், தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்து இதயத்தின் ஒலியைக் கேட்டார். அதிலிருந்தே இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அக்கலையின் மற்றொரு கிளை, வெள்ளை அங்கி அணியாமல், எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு நெடுஞ்சாலையோரத் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்து வருகிறது. நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்து, உள்ளே நிகழ்வதைக் கேட்டறியும் மெக்கானிக்குகளையே குறிப்பிடுகின்றோம்.

நாம் வாழும் அத்திபெலே, கன்னட நாட்டின் கடைவாயில், தமிழ்நாட்டின் தலைவாயில். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டே ஓசூருக்குள் நுழைகிறது. பெரிய லாரிகளுக்கு நடுவே, ரோசாப் பூவும் தக்காளியும் கொத்தமல்லிக் கட்டும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் பெங்களூர் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டுக்கு விரையும் பழைய பிக்கப் வண்டிகள் எத்தனையோ! அவற்றில் ஒன்று நம் மைத்துனருடையது. 15 ஆண்டு உழைத்த வண்டி அது. ஒரு குடும்பத்தின் சோறும் இரு பிள்ளைகளின் படிப்பும் அதன் சக்கரங்களின் மேல்தான் உருண்டுகொண்டிருந்தன.

அவ்வண்டி சென்ற ஆண்டு ஒருவகையாக முனகத் தொடங்கியது. நின்ற நிலையிலிருந்து புறப்படுகையில் அடியில் ‘தடக்’ என்று ஓர் இடி. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் இருக்கைக்குக் கீழே உறுமலும் நடுக்கமும். மைத்துனர் இரண்டு பட்டறைகளுக்குச் சென்றார். ஓரிடத்தில் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் கிரௌன், பினியன் பற்சக்கரங்களை மாற்ற வேண்டும் என்றனர்; மற்றோரிடத்தில் கியர்பெட்டியையே இறக்க வேண்டும் என்றனர். இரண்டுக்குமான செலவோ அவருடைய இரண்டு மாத வருவாய். வண்டியை விற்றுவிடலாமா என்று அவர் எண்ணியதும் அப்போதுதான்.

இறுதியில், ஆனேக்கல் சாலையில் தனியாளாகத் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். “என்ன பாய், கியர்பெட்டியா?” என்று மைத்துனர் கவலையோடு வினவினார். பாய் அதற்கு விடை கூறவில்லை. “சத்தம் எங்கே வருகிறது என்பது இருக்கட்டும் தம்பி; எப்போது வருகிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார். அக்கலையின் சாரமே அக்கேள்வியில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் கிளட்ச், கியர்பெட்டி, புரொப்பல்லர் தண்டு, டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் வழியே பின்சக்கரங்களை அடைகிறது. இவ்வழியில் ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய நேரத்தில்தான் முறையிடும். கிளட்சை மிதித்ததும் பிறக்கும் இரைச்சல், ரிலீஸ் பேரிங்கின் தேய்வைக் காட்டும். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது ஒலித்து, கிளட்சை மிதித்ததும் அடங்குமாயின், குறை கியர்பெட்டியின் முன் பேரிங்கில் உள்ளது. ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்குமாயின், அக்கியரின் பற்களை ஐயுறலாம். வளைவில் திரும்புகையில் ஓங்குவதும் தாழ்வதுமான ரீங்காரம், சக்கர பேரிங்கினுடையது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஊளையிட்டு, காலை எடுத்தால் மாறுகின்ற ஒலி, கிரௌன் பினியனுக்கு உரியது.

பாய் வண்டியைத் தாமே ஓட்டினார். நாமும் உடன் அமர்ந்தோம். ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பார்த்தார். எஞ்சினின் சுழற்சி மாறிற்று, உறுமல் மாறவில்லை. ஆகவே குறை கியர்பெட்டிக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். வெற்றிடம் கண்டு இடமும் வலமுமாக வளைத்தார், மாற்றமில்லை. சக்கரங்கள் விடுதலை பெற்றன. காலை எடுத்தார், ஊளை எழவில்லை. டிஃபரன்ஷியலின் மீதிருந்த பழியும் பெரும்பாலும் நீங்கிற்று. பிறகு சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் நிறுத்தி, அடியில் படுத்துப் புரொப்பல்லர் தண்டைக் கையால் முறுக்கினார். சிலுவை வடிவான இணைப்பு, அதாவது மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று அழைக்கும் உறுப்பு, கையிலேயே ஆடியது. அதன் கிண்ணங்களின் ஓரத்தில் கிரீஸ் வற்றிச் செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தது. தண்டைத் தாங்கும் நடு பேரிங்கின் ரப்பரும் கிழிந்திருந்தது. இடிக்குக் காரணம் ஒன்று. உறுமலுக்குக் காரணம் மற்றொன்று.

கழற்றுமுன் தண்டின் இரு பகுதிகளிலும் உளியால் ஓர் அடையாளம் வைத்தார். ஏன் என்று கேட்டோம். மாறி மாட்டினால் புது உறுப்பும் நடுங்கும் என்றார். இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கும் இவ்விணைப்பை, 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஆராய்ந்தார். வளைந்த நிலையில் ஓர் இணைப்பு தனித்துச் சீராகச் சுழற்சியைத் தராது; ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். அக்குறையை மற்றோர் இணைப்பு தக்க நிலையில் நின்று ஈடுசெய்கிறது. பாய் கார்டானோவை அறியார். கார்டானோவின் இணைப்பை நன்கறிவார். மாலைக்குள் வேலை முடிந்தது. செலவு, முன்னர்க் கூறப்பட்ட தொகைகளில் ஒரு சிறு பங்கே.

இது பணத்தை மட்டும் பற்றிய செய்தி அன்று. ஓடும் வண்டியில் அவ்விணைப்பு முறியுமாயின், தண்டு சாலையில் விழும். முன்முனை தரையில் குத்தினால் வண்டியே நிலைகுலையும். விடியற்காலை நெடுஞ்சாலையில் அதன் பொருள் யாது என்பதை விளக்க வேண்டியதில்லை. தவறான உறுப்பை மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும்; ஆபத்தும் அவ்விடத்திலேயே காத்திருக்கும்.

புதிய ஊர்திகளில் கம்பியைச் செருகினால் குறையைத் திரையில் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை நாம் இகழவில்லை. ஆனால் கிரீஸ் வற்றிய கிராஸுக்கு எந்தக் கம்பியும் இல்லை. அதன் துன்பத்தைச் சொல்ல ஓசை ஒன்றே உண்டு. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் நோயையும் அதன் மூலத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்யும் முறையை வகுத்தார். கோப்பைப் படிக்குமுன் ஆணை எழுதுவதும், வழக்கைக் கேட்குமுன் தீர்ப்புரைப்பதும், ஓசையைக் கேட்குமுன் திருகாணியைக் கழற்றுவதும் ஒரே இனத்துப் பிழைகளே. அவற்றின் செலவைச் செலுத்துவோர் பெரும்பாலும் எளியோர். முறையிடுவது மனிதரே ஆயினும் வண்டியே ஆயினும், ‘எப்போது வலிக்கிறது?’ என்று பொறுமையோடு கேட்கும் செவிகள் ஊர்தோறும் பெருகுதல் வேண்டும்.