காகமும் பாசியும்

கடந்த மாசி மாதம் மூதூர்ப் பகுதிப் பெண்கள் குழுவொன்றுடன் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றிருந்தேன். இரவிரவாக பஸ்ஸில் பயணம் செய்து, விடியற்காலையில் பட்டிப்பொல வழியாக மேலே ஏறினோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7000 அடி உயரம். நுழைவாயிலில் பைகளைச் சோதித்து, பொலித்தீனை அகற்றிய பின்னரே உள்ளே விட்டார்கள்.

சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்ததும் காகங்கள் வந்துவிட்டன. "எங்கட சந்தையில நிக்கிற காகம் இங்கயும் வந்திட்டுது" என்று எல்லோரும் சிரித்தோம். மனிதர் மிச்சம் வைக்கும் எதையும் தின்று, எங்கும் கூடு கட்டும் பறவை அது.

பின்னர் காட்டுக்குள் நடந்தோம். மரங்களின் தண்டும் கிளையும் பாசியால் போர்த்தப்பட்டிருந்தன. பாசிக்கு உண்மையான வேர் இல்லை. பனிமூட்டத்தின் ஈரத்தை இலைகளாலேயே உறிஞ்சி, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கி, மெல்லக் கசியவிடும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இச்சமவெளியிலிருந்து நீர் செல்கிறது. மகாவலி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் கலக்கிறது. ஆனால் இங்கு பல இடங்களில் மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. மரம் பட்டால் நிழலும் ஈரமும் போய்விடும். பனிமூட்டத்தை நம்பி வாழும் பாசிகளுக்குப் போக வேறு இடமில்லை.

"காகம் எங்கே போனாலும் பிழைக்கும். பாசிதான் பாவம்" என்றேன்.

உடன் வந்த சம்பூர் அம்மா ஒருவர் நின்று, ஒரு கிளையைத் தடவிப் பார்த்தார். "பாவமில்லை பிள்ளை. இதுதானே ஆத்துக்குத் தண்ணி குடுக்குது. இருக்கிற இடத்தில இருக்க விட்டாக் காணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 2006இல் இடம்பெயர்ந்தவர் அவர். 2014இல், பட்டப்படிப்பு முடித்த கையோடு, அவரை முகாமில் சந்தித்தேன். கோழி வளர்த்து, கச்சான் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். "பெண்கள் புதிய சூழலுக்கு நன்கு இசைவடைந்துள்ளனர்" என்று அறிக்கை எழுதினேன். "ஊருக்கு எப்ப விடுவாங்க?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்டார். எனது படிவத்தில் அக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. எல்லோரையும் காகமென்றே எண்ணியிருக்கிறேன்.

2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது அவர் ஊர் திரும்பினார். வீடு இருக்கவில்லை, கிணறு தூர்ந்திருந்தது. இன்று அங்கே தோட்டம் செய்கிறார்.

சகோதரிகளே, எங்கோ ஒரு மூலையில் பிழைத்துக்கொண்டோம் என்பதற்காக, எமது இடத்தைக் கேட்கும் உரிமையை நாம் விட்டுவிடத் தேவையில்லை.

மிச்சச் சோற்றைக் காகங்களுக்கு எறியாமல், பொதியாகக் கட்டிக்கொண்டு மலையிறங்கினோம்.