பிளாஸ்டிக் நாற்காலியும் கட்டன் சாயாவும்

திருவனந்தபுரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டைக் கடை மாடியில் வாரம் ஒரு படம் போட்டால் ஆள் வருமா, எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து வரச் சொன்னீர்கள். மூன்று நாளாக அந்த வேலையாகத்தான் அலைகிறேன்.

முதலில் உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். தம்பானூர் பஸ் நிலையத்துப் பக்கத்தில் செங்கல்லாலேயே சுருள் சுருளாக எழும்பி நிற்கிறது இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டியது. உள்ளே தளமே சாய்வாகச் சுழன்று மேலே ஏறுகிறது. சுவரோரமாக மேசைகள்; செங்கல் துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும். விசிறித் தலைப்பாகைக்காரர் கொண்டுவந்த மசால் தோசையைப் பிட்டால் உள்ளே பீட்ரூட் சிவப்பு! நம் கடையில் இப்படிக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள்.

1950களில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கொடுத்த தெம்பில் அந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை நடத்தத் தொடங்கினார்கள். அப்படிக் கேரளத்தில் வந்த முதல் இந்தியன் காபி ஹவுஸ் 1958இல் திருச்சூரில். இந்த ஊர் நல்ல சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டதும் இதே போலக் கைகோத்துத்தான், அண்ணாச்சி.

1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் இங்கே சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். அடூர் நம் காந்திகிராமத்தில் படித்தவர் தெரியுமா? அரசு வேலையை விட்டுவிட்டுப் புனேயில் சினிமா படித்து முடித்த அதே வருடம் இது. படம் எடுப்பதற்கு முன்னால் பார்க்க ஆளைத் தயார் செய்திருக்கிறார்கள். பிறகு அதே கூட்டம் கூட்டுறவாகச் சேர்ந்து 1972இல் 'சுயம்வரம்' எடுத்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு என்று நான்கு தேசிய விருதுகள். 'அக்ரஹாரத்தில் கழுதை'யைத் தமிழில் எடுத்த ஜான் ஆபிரகாம் இன்னும் ஒரு படி மேலே போனார். 1984இல் ஒடேசா என்று ஒரு குழு அமைத்து, ஜனங்களிடமே காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தார்.

இன்று சாயங்காலம் ஒரு திரையிடலுக்குப் போனேன். இந்த ஊரில் இதற்கென்று பெரிய மண்டபம் தேடுவதில்லை. பேனர் ஃபிலிம் சொசைட்டி படம் போடும் இடத்தின் பெயரே லெனின் பாலவாடி; பகலில் பிள்ளைகள் படிக்கும் இடம் என்று பெயரே சொல்கிறது. நான் போனது அதைவிடச் சின்னக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைத் திரை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ரிட்டயர் ஆன ஒரு மாஷ், அதாவது வாத்தியார், எழுந்து மூன்றே நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள். எனக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் சேட்டன் ஒருவர். பாதியில் மின்சாரம் போனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இருட்டிலேயே அதுவரை பார்த்ததைப் பற்றி வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

படம் முடிந்ததும் பால் விடாத கட்டன் சாயாவும் பருப்பு வடையும். அங்கேதான் நிஜமான காட்சி. மாஷ் சிலாகித்த படத்தைச் சேட்டன் "கடைசி அரைமணி நேரம் வேண்டாத வேலை" என்று வெட்டிப் பேசினார். மாஷ் கோபிக்கவில்லை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் காட்சியிலிருந்து வேண்டாம் என்று கேட்டார். டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இந்த ஊரில் வரிசை வரிசையாக நிற்கிற கூட்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அண்ணாச்சி. இந்த மாதிரி வடைத் தட்டுகளைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

ஆனால் இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் நம் அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல். இங்கே கேபிடல் தியேட்டரில் அது ஓடி 90 வருடத்துக்கு மேலாகிறது. நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் என்பதால் திரையில் கல் விழுந்தது. தான் நடித்த படத்தைப் பார்க்க அவரை உள்ளேயே விடவில்லை என்கிறார்கள். உயிருக்குப் பயந்து அவர் வந்து சேர்ந்தது நம் பக்கம்தான். கடனாளியான டேனியல் இன்னொரு படம் எடுக்கவே இல்லை. 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் கண்ணை மூடினார். இப்போது கேரள அரசின் உயர்ந்த சினிமா விருது அவர் பெயரில். ரோசி பெயரில் ஒரு ஃபிலிம் சொசைட்டி.

அதனால் என் யோசனை இதுதான். புரொஜக்டர் வாடகைக்குக் கிடைக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். கிழமையை மட்டும் மாற்றாதீர்கள். நாலு பேர் வந்தாலும் போடுங்கள். மாதச் சந்தா வையுங்கள், சின்னத் தொகையானாலும் சரி. காசு போட்டவன் அடுத்த வாரம் தன் கடைக்கு வருகிற மாதிரி வருவான். முதல் வரிசையை எந்தப் பெரிய மனுஷனுக்கும் ஒதுக்காதீர்கள். முன்னால் வந்தவர் முன்னால் உட்காரட்டும். படம் முடிந்ததும் உடனே விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தாமல், பாய்லரில் ஒரு மணி நேரம் தண்ணீர் கொதிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை நாகர்கோவில் வழியாக வருகிறேன். அதற்குள் மாடியில் கிடக்கும் சர்க்கரை மூட்டைகளைக் கீழே இறக்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி